கூடுதுறை வானில் கோடு: பவானியிலிருந்து ஜெனீவாவுக்கு ஒரு மனு

பெறுநர்: பொதுச் செயலாளர் அவர்கள், பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம், ஜெனீவா.

பொருள்: கூடுதுறை வான்பரப்பில் அனுமதியின்றிப் போடப்பட்ட வெள்ளைக் கோட்டை அகற்றித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

மனுதாரர் கூடுதுறையிலுள்ள சங்கமேஸ்வரர் கோயில் கோபுரத்தையும் நட்சத்திரங்களையும் ஒரே படத்தில் பிடிக்க, கேமராவை முக்காலியில் நிறுத்தி 15 விநாடி ஷட்டரைத் திறந்துவைத்தவர். கோபுரம் விழுந்தது, நட்சத்திரமும் விழுந்தது, குறுக்கே ஒரு கோடும் விழுந்தது. கோடு போடுவதில் பவானிக்கு வெளியார் உதவி தேவைப்பட்டதில்லை. பட்டை பட்டையாய் நெய்யும் ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர் இது.

'முதலில் கேமராவைப் பாருங்கள்' என்று பதில் வரும் என்பதால் அதையும் மனுதாரரே பார்த்துவிட்டார். யூவி ஃபில்டரைக் கழற்றியதும் பாலத்து விளக்கின் பச்சைப் பேய்ப்பிம்பம் போனது, கோடு போகவில்லை. அபெர்ச்சரை எஃப் 16-இலிருந்து எஃப் 2.8-க்குத் திறந்ததும் விளக்கைச் சுற்றி முளைத்த கதிர்கள் அடங்கின. (அபெர்ச்சர் இதழ் எட்டென்றால் கதிர் எட்டு, ஏழென்றால் பதினான்கு. இதற்கு எந்த அலுவலகமும் பொறுப்பல்ல.) முக்காலி ஆடியிருந்தால் எல்லா நட்சத்திரமும் ஒரே மாதிரி கோணியிருக்கும். விமானம் விட்டுவிட்டுப் புள்ளி வைக்கும். எரிகல் நடுவில் பருத்து நுனியில் இளைக்கும். இதுவோ முதலிலிருந்து கடைசிவரை ஒரே தடிமன்.

ஆக, செயற்கைக்கோள்.

2019 மே மாதம் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஸ்டார்லிங்க் வரிசையில் முதல் 60 செயற்கைக்கோள்கள் ஒன்றாக ஏறின. அந்த நவம்பரிலேயே சிலி நாட்டுச் செரோ டொலோலோ வானாய்வகத்தின் ஒரே படத்தில் 19 கோடுகள். ஒற்றைக் கோட்டுக்கு மனுதாரர் இவ்வளவு அலட்டிக்கொள்வது அதிகம்தான். கறுப்புப் பூச்சு, வெயில் மறைப்பு என்று 2020-இல் அந்த நிறுவனம் முயன்றதில் வெளிச்சம் மங்கியது, மறையவில்லை. பழி முழுவதையும் அமெரிக்கா மேல் போடவும் வழியில்லை: 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலுமாக ஒன்வெப் என்ற இன்னொரு நிறுவனத்தின் 72 செயற்கைக்கோள்களை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏற்றிவிட்டது நம் இஸ்ரோதான்.

ஜெனீவாவுக்கு ஏன் எழுத வேண்டும்? தெருவிளக்கு கண்ணைக் கூசினால் நகராட்சி இருக்கிறது. செயற்கைக்கோளின் ரேடியோ அலை இன்னொன்றோடு மோதினால் தாங்கள் இருக்கிறீர்கள். அதே செயற்கைக்கோள் திருப்பியடிக்கும் வெயிலுக்கு மட்டும் எந்த மேசையிலும் கோப்பு இல்லை. 1967-இன் விண்வெளி ஒப்பந்தம் விண்வெளியை எல்லா நாட்டுக்கும் திறந்துவிட்டது. கீழே அண்ணாந்து நிற்பவரைப் பற்றிப் பேச்சில்லை. பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2022-இல் இருண்ட வானத்துக்கென ஒரு மையம் தொடங்கியது. அது வேண்டுகோள் விடுக்கலாம், உத்தரவு போட முடியாது. மனுதாரரின் நிலையும் அதுவே என்பதால் அங்கே மனுப் போடவில்லை.

இடைக்கால நிவாரணத்தை மனுதாரர் தாமே வழங்கிக்கொண்டார். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 23 டிகிரி இறங்கினால், 550 கிலோமீட்டர் உயரத்தில் தலைக்கு மேலே போவது பூமியின் நிழலுக்குள் மறைந்துவிடும். பவானியில் அதற்குப் பொழுது சாய்ந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும். காத்திருக்க முடியாதபோது அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து, நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, ஒவ்வொரு புள்ளிக்கும் இடைநிலை மதிப்பை மட்டும் கணினியை எடுக்கச் சொல்கிறார். ஒரு படத்தில் மட்டும் இருக்கும் கோடு கழிந்துபோகிறது.

ஆனால் ஆடிப்பெருக்கன்று அந்தி வெளிச்சத்திலேயே கூட்டத்தைப் படமெடுக்க வேண்டியிருக்கிறது, காத்திருக்க வழியில்லை. எனவே அன்று மாலை 6 மணி முதல் 9 மணிவரை கூடுதுறை வழியே செல்லும் அனைத்துச் செயற்கைக்கோள்களையும் மேட்டூர் மார்க்கமாகத் திருப்பிவிட ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறார்.

இப்படிக்கு,
மனுதாரர்,
பவானி, ஈரோடு மாவட்டம்.