பேஷன்ட் பேரு டைகர்

சென்னையில் ஒரு கால்நடை கிளினிக்கின் வரவேற்பு மேஜை என்னுடையது. இந்த வேலையில் ஒரு சௌகரியம், நோயாளி வாயைத் திறந்து குறை சொல்லமாட்டார். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கூடவே நாலு பேர் வருகிறார்கள்.

"பேஷன்ட் பேரு?"

"டைகர்."

டைகர் கூட்டி வந்தவரின் செருப்புக்குப் பின்னால் பதுங்கி, சுவரில் ஓடும் பல்லியைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்கும்.

"வயசு?"

"எங்க சின்னவ காலேஜ் சேர்ந்த வருஷம் வந்தான்."

சின்னவள் எப்போது சேர்ந்தாள், நடுவில் அரியர் ஏதாவது உண்டா என்று விசாரித்து டைகரின் வயதைக் கண்டுபிடிப்பேன்.

"என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: "வெறும் தயிர்சாதம்மா." ராத்திரியெல்லாம் வாந்தியெடுத்த நாய் தலையைக் குனிந்துகொள்ளும். நான் அவசரப்படமாட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, கூட வந்த பொடியனைப் பார்ப்பேன்.

"பாட்டி பிரியாணி குடுத்தாங்கல்ல?"

"சும்மா ரெண்டு பீஸு."

"வெங்காயப் பச்சடி?"

"அது பாவமா பார்த்துச்சுப்பா!"

வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும், பிரியாணி எலும்பு குடலைக் கிழிக்கும் என்று டாக்டர் உள்ளே எடுத்துச் சொல்வார். ஆனால் வாக்குமூலம் வாங்குவது வெளியே இருக்கிற நான். உள்ளே போனால் மறுபடியும் தயிர்சாதம் ஆகிவிடும் என்பதால் சீட்டிலேயே 'பிரியாணி, பாட்டி' என்று எழுதி அனுப்பிவிடுவேன்.

வாட்ஸ்அப் வேறு. "லூஸ் மோஷன், கலர் பார்த்துச் சொல்லுங்க சிஸ்டர்" என்று படம் வருகிற நேரத்தில் நான் கட்டாயம் இட்லியைச் சாம்பாரில் தோய்த்துக்கொண்டிருப்பேன். ஃபோனில் ஒன்றே ஒன்றுக்குத்தான் குரலை உயர்த்துவேன். "பூனைக்குக் காய்ச்சலா இருக்கு, பாதி பாராசிட்டமால் குடுக்கட்டுமா?" வேண்டவே வேண்டாம். பூனையின் ஈரலால் அந்த மருந்தைக் கையாள முடியாது, பாதி மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

பூனைகள் ஜவுளிக்கடைக் கட்டைப்பையில்தான் வரும். ஜிப் ஓரத்தில் ஒரு காது தெரியும், அடுத்த நிமிஷம் அது பிரின்டருக்குப் பின்னால் இருக்கும். அதற்கு மேல் அன்றைய பில்லெல்லாம் கையெழுத்தில்தான்.

தெருநாய் கடித்த மனிதர்களும் நேராக இங்கேயே வருவதுண்டு. "ரேபிஸ் ஊசி உங்ககிட்டதான இருக்கு, எனக்கும் ஒண்ணு போட்டு விடுங்க." நாய் ஊசியை மனிதருக்குப் போடக்கூடாது சார், முதலில் கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள், இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 28-ஆம் நாள் வரைக்கும் உள்ள தவணைகளை விடாமல் போட்டுக்கொள்ளுங்கள் என்பேன். "தொப்புளைச் சுத்தியா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொள்வார். ஆட்டு மூளையில் தயாரித்த அந்தக் காலத்து ஊசியெல்லாம் மலையேறிவிட்டது, இப்போது கையில்தான் என்றதும் ஒரு பெருமூச்சு விடுவார் பாருங்கள், வெறிநோயைவிடத் தொப்புளுக்குத்தான் பயந்திருக்கிறார்!

எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம், எடை மெஷின்தான் வம்பு. நாய் அதில் முன்னங்கால் இரண்டை மட்டும் வைக்கும், மிச்சத்தைத் தரையிலேயே விட்டுவிடும். அப்போது ஒரே வழி, வீட்டுக்காரர் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறவேண்டும், பிறகு அவர் எடையைக் கழிக்கவேண்டும். போன வாரம் லேப்ரடாரோடு ஒருவர் ஏறினார். மெஷின் 112 காட்டியது.

"உங்க வெயிட் சார்?"

"74."

"எப்போ, கல்யாணத்தன்னிக்கா?" என்றார் மனைவி.

அவர் சொன்னபடி பார்த்தால் நாய் 38 கிலோ. நாய்க்குப் பூச்சி மாத்திரை பெரும்பாலும் பத்துக் கிலோவுக்கு ஒன்று. சாரின் மானத்தைக் காப்பாற்ற லேப்ரடார் ஒரு மாத்திரை கூடுதலாக விழுங்குவது நியாயமா? நாயை இறக்கிவிட்டுத் தனியாக ஏறச் சொன்னேன். வயிற்றை எக்கிக்கொண்டு ஏறினார். எக்கினால் கிலோ குறையாது. 84.

நாய்க்கு 28 என்று எழுதிக்கொண்டிருந்தபோது அந்தம்மா மேஜைமேல் சாய்ந்து, "அவரோடதையும் அந்த ஃபைல்லயே எழுதிடுங்கம்மா. அடுத்த ஊசிக்கு வர்றப்போ ரெண்டு பேரையும் பார்த்துக்கலாம்" என்றார்.