மொய் நோட்டும் மோட்சமும்

உக்காருலே மருமவனே. வந்த நேரத்துலருந்து ஒத்தக்காலு மாத்தி ஒத்தக்காலு நிக்க. கட்டிலு ஒண்ணும் கடிக்காது. பனைநாருக் கட்டிலுதான், ஒங்க அத்தகூட வந்தது. அவளே தளந்துட்டா, இது இன்னும் தொய்யல.

ஒங்கம்மா எல்லாத்தையும் சொல்லிட்டா. வெள்ளிக்கிழம உபவாசமாம், செவ்வாக்கிழம முழுராத்திரி செபமாம், விடியக்காலம் நாலு மணிக்கு அலாரமாம். ஒரு நாளு அலாரம் அடிக்காமப் போச்சுன்னு அன்னைக்குப் பூரா எழவு வீட்டுக்காரன் மாதிரித் திரிஞ்சியாம்லா. இதுல கணக்கு நோட்டு வேற! கொண்டாந்திருக்கியா? குடு பாப்போம். எத்தன அதிகாரம் வாசிச்ச, எவ்வளவு நேரம் முழங்கால்ல நின்ன, எத்தன தடவ கோவப்பட்ட... அடேயப்பா! கருப்பட்டி யாவாரிக எனக்கு இப்படி ஒழுங்கா கணக்கு எழுதியிருந்தா நான் இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பேன்.

ஆனா இந்த நோட்ட நான் எங்கயோ பாத்திருக்கேனே. ஆங், இது மொய் நோட்டுலா! ஒருத்தன் நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு 501 எழுதுனா, அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம அதுக்குக் கொறையாமத் திருப்பணும். கொஞ்சம் கூட்டிச் செஞ்சாத்தான் கவுரவம். ஆண்டவரு தன் மவனையே குடுத்தாரு. நீ என்னடான்னா வெள்ளிக்கிழமப் பட்டினிய எதிர்மொய்யா எழுதிட்டுத் திரியுத. எத்தன வெள்ளிக்கிழமையில அடைப்ப? வட்டிக்குக்கூடக் காணாதுலே.

சிரிக்காத. ஒன்னைய மாதிரியே ஒருத்தரு செர்மனி தேசத்துல இருந்தாரு. மார்ட்டின் லுத்தரு. வக்கீலுக்குப் படிச்சுட்டிருந்த புள்ள. 1505ல வழியில பக்கத்துல இடி விழுந்ததும் வெலவெலத்துப்போயி, பொழச்சா சாமியாராப் போயிருதேன்னு நேந்துக்கிட்டாரு. சுரங்கம், உலைன்னு நடத்திப் பணம் சேத்த அப்பாருக்கு வந்துச்சே கோவம்! இவரு கேக்கல, எர்ஃபுர்ட்டு மடத்துல சேந்துட்டாரு. பட்டினி, கண்முழிப்பு, நடுங்குத குளுருல போர்வையில்லாப் படுக்கை. பாவசங்கீர்த்தனம்னு உக்காந்தா சில நேரம் ஆறு மணி நேரம் இழுக்குமாம். அதக் கேட்டுக்கிட்டு இருந்த சாமியாரு பாட்டை நினைச்சுப் பாரு. பாவம் செஞ்சவனவிடக் கேட்டவருக்குத்தான் தண்டனை. அம்புட்டும் கொட்டுன பெறவும், இன்னும் ஒண்ண மறந்துட்டோமோன்னு இவருக்கு ஒறக்கம் வராது.

மடத்து வேலையா ரோமாபுரிக்குப் போனாரு. அங்க 28 படி உண்டு, முழங்காலாலயே ஏறணும். செத்துப்போன தாத்தாவுக்காக ஏறுனாரு. உச்சிக்குப் போனதும், இது நெசமாத்தான் இருக்குமான்னு ஒரு சந்தேகம்! முட்டி தேஞ்சதுதான் மிச்சம்.

கடைசியில எங்கலே வெளிச்சம் கிடைச்சுது? விட்டன்பர்க்கு ஊர்ல வேதபாடம் சொல்லிக்குடுக்குத வேலையில இருந்துக்கிட்டு, ரோமர் நிருபம் மொத அதிகாரம் 17ஆம் வசனத்தோட மல்லுக்கட்டுனாரு. தேவநீதின்னா நம்மள அடிக்க ஓங்குன கம்புன்னு அதுவரைக்கும் நடுங்கிட்டு இருந்த மனுசன். அது அம்மணமா நிக்கவனுக்கு அவரே உடுத்திவிடுத வேட்டின்னு வெளங்கவும்தான் மூச்சே வந்துச்சு. அந்தக் காலத்துலதான், 1517ல, பாவத் தண்டனைக்குத் தள்ளுபடிச் சீட்டு விக்கதப் பாத்துட்டு, 95 வாதம் எழுதிப் போட்டாரு. சீட்டு வித்த காசுல ரோமுல பேதுரு கோயில் கட்டிட்டு இருந்தாவ.

லுத்தரு பக்கத்து ஆளுதான் நம்ம சீகன்பால்கு ஐயரு. 1706ல தரங்கம்பாடியில வந்து எறங்கி, 1715ல தமிழ்ல புதிய ஏற்பாட்டையே அச்சுப் போட்டு முடிச்சுட்டாரு. அந்த ரோமர் நிருபமும் அதுல உண்டு. முந்நூறு வருசமா வாசிச்சும் நம்ம ஆளுக கக்கத்துல மொய் நோட்டுதான் இருக்கு. அங்க அடிச்சுக்கிட்ட லுத்தரன்மாரும் கத்தோலிக்கருமே 1999ல ஆக்ஸ்பர்க்குல, நீதிமானாவுதது கிருபையினாலதான்னு சேந்து கையெழுத்துப் போட்டாச்சு. நீ இன்னும் தனியா நின்னு வழக்கு நடத்துத.

வாயத் தெறக்காத, யாக்கோபு நிருபத்தத்தான் எடுப்பன்னு எனக்குத் தெரியும். கிரியையில்லாத விசுவாசம் பொணம்னு யாக்கோபு சொல்லுதாரு. லுத்தரு 1522ல அந்த நிருபத்த வைக்கோலுன்னே எழுதிட்டாரு. அது அவரு வாய்க்கொழுப்பு. வைக்கோலு இல்லன்னா மாடு என்னத்தத் திங்கும்? கிரியையே வேண்டாம்னு நானும் சொல்லல. முருங்க காய்க்கலன்னா பட்டுப்போச்சோன்னு தட்டிப் பாக்கத்தான் வேணும். அதுக்காக, காய்ச்சதுனாலதான் வேரு பிடிச்சுதுன்னா சொல்லுவ?

நாங்குநேரிப் பக்கம் கருப்பட்டி விக்கப் போன காலத்துல ஒரு ஐயங்காரு பெரியவரு சொன்னாரு. குரங்குக்குட்டி தாய அதுவாத்தான் இறுக்கிப் பிடிச்சுக்கிடணுமாம், பூனைக்குட்டிய தாயே கவ்விக்கிட்டுப் போயிருமாம். வடகலைக்காரவியளுக்கு அது, தென்கலைக்காரவியளுக்கு இது. அவிய சாமி வேற, நம்ம சாமி வேற, அந்த வம்பு நமக்கு எதுக்கு? ஆனா பூனை வாயில தொங்கிட்டே குரங்கு மாதிரிக் கையக் கால உதறுத குட்டிய நான் இன்னைக்குத்தான் பாக்கேன்.

போன அசன விருந்துல என்ன செஞ்ச? பந்தியில எலையப் போட்டு உக்காரச் சொன்னா, வாளியத் தூக்கிட்டுப் பரிமாற ஓடுன. கடைசியில ஒனக்குக் கறி இல்ல, வெறுஞ்சோறும் ரசமும். ராத்திரி வீட்டுல போயி, யாருமே என்னைய கவனிக்கலன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்ட. நீ எந்தங்கச்சி வயித்துல பொறந்ததுக்கு வேதத்து மார்த்தாளுக்குப் பொறந்திருக்கலாம்.

ஒண்ணு கேக்கேன், வேதம் கரைச்சுக் குடிச்சவன்தான நீ? மோசே போட்ட ஆசரிப்புக் கூடாரத்துல என்னென்ன சாமானு உண்டு? குத்துவிளக்கு, அப்பம் வைக்க மேசை, தூபபீடம், கைகால் கழுவத் தொட்டி. சரி. நாற்காலி? ம்? கிடையாதுலே. தச்சனுக்குத் தெரியாமலா போச்சு? ஆசாரியனுக்கு வேல தீராது, நாளும் பலி, நாளும் ரத்தம், நின்னுக்கிட்டேதான் இருக்கணும். எபிரேயர் நிருபம் பத்தாம் அதிகாரத்தப் போயிப் பாரு. இயேசு ஒரே ஒரு பலியக் குடுத்தாரு, போயி உக்காந்துட்டாரு. செஞ்சவரே உக்காந்தாச்சு. செய்யாத நீ எதுக்குலே நிக்க?

நான் நாப்பது வருசம் பனையேறுனவன். காலையில ஒரு ஏத்து, சாயந்தரம் ஒரு ஏத்து. நெஞ்சு தோலைப் பாரு, செருப்புத் தோலு மாதிரி இருக்கு. பாளையச் சீவிக் கலயத்தக் கட்டிட்டு எறங்கிருவேன். ராத்திரி பூரா சொட்டுதது பனையோட வேல, நான் கொறட்ட விடுவேன். ஆனாலும் ஏறணும்லா, அது நம்ம பொழப்பு. இந்த விசயத்துல மரத்துல ஏறுனவரு வேற ஒருத்தரு. நமக்குப் பட்டையப் பிடிச்சுக் குடிக்கது ஒண்ணுதான் வேல. அதுக்கும் ஒனக்கு வெக்கமா இருக்கு.

அப்பாடா, உக்காந்துட்டான். காலத் தூக்கி மேல வையி. ஏளா, உள்ள பதநீ இருந்தா மருமவனுக்கு ஊத்து, ரெண்டு நுங்கும் போடு. நோட்டு இங்கயே கிடக்கட்டும், பின்னால வெத்துத்தாளு நெறைய இருக்கு, எனக்குச் சீட்டெழுத ஆவும்.

குடிச்சாச்சா? போற வழியில கீழத்தெரு மச்சான் வீட்ட ஒரு எட்டுப் பாத்துட்டுப் போ. அவன் மூத்தமவ கல்யாணத்துக்கு நான் 101 எழுதுனேன். நம்ம வீட்டு விசேஷத்துக்கு வந்து ரெண்டு பந்தி தின்னுட்டு 51தான் எழுதிட்டுப் போனான். மிச்சம் அம்பது என்னாச்சுன்னு மாமா கேட்டாருன்னு சொல்லு.

என்னலே அப்படிப் பாக்க?