தயிர் விற்பன்னர் ஆவது எப்படி?

மல்பெக் என்று ஒரு திராட்சை. பிரான்ஸில் பிறந்து அர்ஜென்டினாவுக்குப் போய்ப் பெயரெடுத்தது. அதில் செய்த வைனை முகர்ந்து, வாய் கொப்புளித்து, வாளியில் துப்பிப் புள்ளி போடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். குறிஞ்சாக்கேணியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கவலை வேண்டாம், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் இருக்கிறது. துப்புவதை மட்டும் விட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே கைவந்த கலை.

1. மத்தியானம் போங்கள். காலையில் போனால் நல்ல சட்டி கிடைத்துத் தொலைக்கும். வெயில் ஏற ஏறப் புளிப்பும் ஏறும்.

2. சட்டியைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். தயிர் விழாவிட்டால் முதல் தரம். ஏன் விழவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள். எருமைப் பாலில் கொழுப்பு 7 வீதமளவில் இருக்கும், பசுப்பாலில் 4 வீதத்துக்குக் கிட்டத்தான். போதாக்குறைக்கு மண் சட்டி தண்ணீரை உறிஞ்சிவிடும். அதனால் இறுகும். மா கலந்தாலும் இறுகும், ஜெலட்டின் போட்டாலும் இறுகும். மூன்றும் ஒரே மாதிரிப் பாஸாகிற சோதனை இது, இதைவிட நியாயமான சோதனை வேறெங்கே கிடைக்கும்? ஒரு துளி அயடின் விட்டால் மா கலந்தது கருநீலமாகும் என்று எட்டாம் வகுப்பில் படித்தீர்கள். அதை அங்கேயே விட்டுவாருங்கள்.

3. நிறம் பாருங்கள். எருமை, தீனியில் உள்ள கரோட்டினை விட்டமின் ஏ ஆக்கிவிடும். அதனால் அதன் பால் வெள்ளை வெளேர் என்றிருக்கும். ஆகவே மஞ்சள் தட்டிய சட்டியைக் கண்டதும், "ஆகா, என்ன கொழுப்பு!" என்று புகழுங்கள். பசுப்பால் கலந்தவர் உங்களை ஆயுளுக்கும் மறக்கமாட்டார். வைன்காரர் கலந்ததைப் போத்தலில் எழுதி அதற்குத் தனி விலை கேட்பார். நம்மவர் எழுதாமலே வாங்கிவிடுவார்.

4. பேரம் பேசுங்கள்.
"காக்கா, கடைசி விலை சொல்லுங்க."
"தம்பி, பால் என்ன விலை போகுது தெரியுமா?"
"எருமை புல்லுத்தானே திங்குது?"
மேய்ச்சல் தரை சுருங்கிக்கொண்டே போவதைப் பற்றி அவர் வாயெடுத்தால், பஸ் வருகிறது என்று ஓடுங்கள்.

5. பஸ்ஸில் சட்டியை ஆசனத்துக்குக் கீழே தள்ளி, மேலே பையை வையுங்கள். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். அதில் குலுங்காவிட்டாலும் அதற்குப் பிறகு குலுங்கும். குலுங்கினால் தயிர் உடைந்து தண்ணீர் பிரியும். வீட்டில் கடதாசியை அவிழ்த்து, மேலே நிற்கிற தண்ணீரைப் பெண்சாதிக்குக் காட்டி, "தண்ணி ஊத்தி வித்திருக்கான்" என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.

6. மண் சட்டியில் வைத்திருப்பது பட்டிக்காட்டுப் பழக்கம். பிளாஸ்டிக் டப்பாவில் வழித்துப் போட்டு, பிரிஜ்ஜில் நேற்றைய மீன்குழம்புக்குப் பக்கத்தில், மூடாமல் வையுங்கள். பால் பொருள் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். மறுநாள் கண்ணை மூடி முகருங்கள்: முதலில் சூடைமீன், பிறகு கொறுக்காய், கடைசியில் மெல்லிய உள்ளி. வைன் விற்பன்னர் தேடித் தேடிக் கண்டுபிடிக்கிற மூன்று மணம் உங்களுக்கு ஒரே இரவில்.

7. டப்பாவில் வழிப்பதற்கு முன்பே ஆடையை விரலால் சுருட்டி எடுங்கள். தடிப்பாக, வெண்ணெய் போல, ஓரத்தில் மண் வாசத்தோடு வரும். சட்டியில் இருப்பதில் சிறந்தது அதுதான், அதனால் யாரும் வருவதற்குள் நின்றபடியே தின்றுவிடுங்கள். மிச்சத்தைப் பிள்ளைகளுக்குப் பரிமாறி, "ருசி எப்படி?" என்று கேளுங்கள்.

8. தயிர் தெரியாத அளவுக்குப் பாணி ஊற்றுங்கள். கித்துள் பாணி என்று போத்தலில் எழுதியிருந்தால் போதும். உள்ளே பாதி சீனிப்பாகாக இருந்தாலென்ன, நீங்கள் பரிசோதிப்பது தயிரைத்தானே?

9. புள்ளி போடுங்கள். தின்பதற்கு முன் போடுவது உத்தமம். பத்துக்கு ஆறு. "அந்தக் காலத்துத் தயிர் இனி வராது" என்று ஒரு பெருமூச்சும் விடுங்கள். ஆறுக்கு மேல் போட்டது கடைக்காரர் காதில் விழுந்தால் அடுத்த கிழமை விலை கூடும்.

10. வெறுஞ்சட்டியை எறியாதீர்கள், ரோசாச் செடி வைக்கலாம். அடியில் ஆணியால் ஓட்டை போடும்போது இரண்டாகப் பிளக்கும். அதற்கும் தயிர்க் காக்காவையே திட்டுங்கள்.