அனந்தபுரி வாள் சங்கத்தின் மினிட்ஸ் புத்தகம்

நாகர்கோவில் வடசேரியில் திருவனந்தபுரம் பஸ் ஏறுகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, அங்கே மெடிக்கல் காலேஜுக்குப் போகிற நோயாளி. இன்னொன்று, மெடிக்கல் காலேஜில் படுத்திருக்கும் நோயாளிக்கு ஆரஞ்சுப்பழம் கொண்டுபோகிற சொந்தக்காரர். ஒரு தடவை நான் மூன்றாவது வகையாக ஏறினேன்.

"என்ன விசேஷமா போறிய?" என்றார் பக்கத்து சீட்டு அண்ணாச்சி.

"வாள் வீசுறதைப் பாக்கப் போறேன் அண்ணாச்சி."

ஏற இறங்கப் பார்த்தார். "வெட்டுக் கேஸா? நீரு சாட்சியா, பிரதியா?"

எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களுக்குக் குற்றம் சாட்டப்பட்டவர் இன்னும் 'பிரதி'தான். 1956-இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. கோர்ட்டு பாஷையும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கேஸ் எதுவும் இல்லை, களரி பார்க்கப் போகிறேன் என்று விளக்கிய பிறகும் அவர் தம் துணிப்பையை மடிக்கு மாற்றிக்கொண்டார்.

அண்ணாச்சியைக் குறை சொல்ல முடியாது. திருவனந்தபுரத்தையும் வாளையும் பிரிக்க முடியாது. முந்நூறு வருஷமாக அந்த ஊரே ஒரு வாள்வீச்சு சங்கம். ரிஜிஸ்தர் ஆகவில்லை, அவ்வளவுதான். மற்றபடி எல்லாச் சங்கத்தையும் போலத்தான்: ஆடுகிறவர் கொஞ்சம், மாலை மரியாதை அதிகம். வாளை வீசியவர்களைவிட, தூக்கிக்கொண்டு நடந்தவர்கள், கீழே வைத்தவர்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவர்கள்தான் நிறையப் பேர். அந்தச் சங்கத்துக்கு மினிட்ஸ் புத்தகம் ஒன்று இல்லாத குறை எனக்குத் தாங்கவில்லை.

ஸ்தாபகத் தலைவர் மார்த்தாண்ட வர்மா. 1729-இல் திருவிதாங்கூர் பட்டத்துக்கு வந்தவர். வருவதற்கு முன்னால் அவர் எடுத்த பயிற்சி முழுக்க ஓட்டம்தான். அவரை எதிர்த்த எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற பிரபுக்கள் துரத்த, இளவரசர் நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்துக்குள் ஏறி ஒளிந்துகொண்டார் என்பது ஐதிகம். ஒரு சிறுவன் வழிகாட்டி ஒளித்துவைத்து, துரத்தி வந்தவர்களை வேறு பக்கம் அனுப்பினானாம். பிற்பாடு அவன் கிருஷ்ணனே என்று முடிவாகி, அங்கே கோயில் எழும்பியது. மரத்துக்கு அம்மச்சிப் பிலாவு என்று பெயர். அடிமரம் இன்றும் கோயில் வளாகத்தில் இருக்கிறது. வாளோடு வந்தவர்களிடமிருந்து தலையைக் காப்பாற்றியது பலா என்பதைச் சங்கம் பதிவு செய்கிறது.

அடுத்த செய்தி, 1741. குளச்சலில் டச்சுக்காரர்கள் இறங்கினார்கள். கடற்கரை மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நிற்க, கப்பலிலிருந்து பார்த்த டச்சுக்காரன் அதைத் துப்பாக்கிப் படை என்று நினைத்து மிரண்டான் என்று எங்கள் கடற்கரையில் இன்றும் சொல்வார்கள். அப்படி மிரண்டானோ இல்லையோ, தோற்றது உண்மை. பிடிபட்டவர்களில் யூஸ்டேஷியஸ் டி லனாய் என்று ஒருவர். வேறு ராஜாவாக இருந்தால் பிடிபட்ட கேப்டனை என்ன செய்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. மார்த்தாண்ட வர்மா அவருக்கு வேலை கொடுத்தார்.

இந்திய விளையாட்டு உலகம் வெளிநாட்டுக் கோச்சுகளை வரவழைத்து, சம்பளத் தகராறில் திருப்பி அனுப்புவதை நாம் பார்த்திருக்கிறோம். திருவிதாங்கூரின் ஏற்பாடு சிக்கனமானது. கோச் தாமாகவே கப்பலில் வந்தார், போரில் தோற்றார், அப்படியே தங்கிவிட்டார். 36 வருஷம் வேலை பார்த்தார். வாளும் வேலும் பிடித்த கைகளில் துப்பாக்கியைக் கொடுத்து, வரிசையாக நிற்கவும் சொன்னபோது மட்டும் சுடவும் பழக்கினார். நம்மூர் ஆட்களை வரிசையில் நிற்க வைத்ததுதான் குளச்சல் வெற்றியைவிடப் பெரிய சாதனை என்பது என் கட்சி. ஊர் அவரை 'வலிய கப்பித்தான்' என்றது. 1777-இல் இறந்தார். தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் சமாதி. கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும் இருக்கிறது. எந்த வாளை எதிர்த்து வந்தாரோ அந்த வாளுக்கே வேலையில்லாமல் செய்துவிட்டுப் போனவர்.

வேலையில்லாத வாளை என்ன செய்வது? 1750 ஜனவரி 3-ஆம் தேதி ராஜா ஒரு வழி கண்டுபிடித்தார். நாட்டையும் உடைவாளையும் பத்மநாபசுவாமி சந்நிதியில் வைத்து, எல்லாம் உன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு பெருமாளின் வேலைக்காரனாக, 'பத்மநாபதாசன்' என்ற பதவியில், அதே வாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். திருப்படித்தானம் என்று பெயர். சொத்தை மனைவி பேரில் எழுதிவைக்கிற நம் ஆட்கள் இதைப் பாடமாகவே படிக்கலாம். அன்றிலிருந்து திருவிதாங்கூரை எதிர்ப்பது ராஜத்துரோகம் மட்டும் அல்ல, சாமி குத்தமும்கூட. கொச்சி ராஜா சண்டைக்கு வருவார், சாமியோடு வருவாரா? சங்கத் தலைவர் பதவி பெருமாளுக்குப் போனது. அவர் படுத்துக்கொண்டே தலைமை தாங்குகிறார். பல சங்கங்களில் தலைவர்கள் அப்படித்தான் என்றாலும், இவருக்கு மட்டும்தான் பாம்புப் படுக்கை.

ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு வேலுத்தம்பி தளவாய். தலக்குளத்துக்காரர், அதாவது எங்கள் ஜில்லா. 1799-இல் கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு போய், வரி என்ற பெயரில் வழிப்பறி செய்த அதிகாரிகளைப் பதவியிலிருந்து இறக்கினார். அவர்களில் இரண்டு பேருக்குக் காது போனது. இன்றைக்கு விசாரணைக் கமிஷன் வைக்கிறோம். அதில் யாருக்கும் காது கேட்பதில்லை. பின்னால் அவரே தளவாயாகி, அதாவது திவானாகி, வெள்ளைக்கார ரெசிடென்ட் காலின் மெக்காலேயோடு மோதினார். நமக்கு இங்கிலீஷ் படிப்பைக் கட்டிவிட்ட அந்த மெக்காலேயின் சொந்தப் பெரியப்பா இவர். 1808 கடைசியில் கொச்சியில் இந்த ரெசிடென்டின் வீட்டை வேலுத்தம்பியின் ஆட்கள் சூழ்ந்தபோது ஆள் தப்பிவிட்டார். 1809 ஜனவரியில் குண்டறையில் வேலுத்தம்பி விட்ட அறைகூவல் பள்ளிப் பாடம் ஆனது, கலகம் தோற்றது, மண்ணடிக் கோயிலில் அவர் உயிரை விட்டார். இந்த இடத்தில் எனக்கு நக்கல் வரவில்லை. இறந்த உடலைக் கொண்டுவந்து திருவனந்தபுரத்தில் கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள்.

அவர் வாளின் கதைக்கு வேண்டுமானால் சிரிக்கலாம். கிளிமானூர் அரண்மனையில் சுமார் நூற்றைம்பது வருஷம் இருந்தது. 1957-இல் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத்துக்குக் கொடுத்தார்கள். அவர் டெல்லி தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 2010-இல் திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரனிடம் சிக்காமல் இருந்த வாள், நம் ஆட்களின் அன்பில் சிக்கி 53 வருஷம் டெல்லியில் இருந்தது.

இத்தனை ராஜவாள்களுக்கு நடுவில், உண்மையில் ஊரின் தலைவிதியை மாற்றிய ஆயுதம் வாளே அல்ல, வெட்டுக்கத்தி. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், திருவிதாங்கூர் தனி நாடாகவே இருக்கும் என்று அறிவித்திருந்த சமயம். 1947 ஜூலை 25. சுவாதித் திருநாள் சங்கீத அகாடமியில் நினைவுக் கச்சேரி. திவான் எழுந்து புறப்படும்போது விளக்கு அணைந்தது, வெட்டு விழுந்தது. வெட்டியவர் கே.சி.எஸ். மணி, அம்பலப்புழைப் பக்கத்துத் தமிழ் பிராமண வீட்டுப் பிள்ளை. வெட்டுப்பட்டவரும் தமிழ் ஐயர். மடித்துப் போட்டிருந்த அங்கவஸ்திரம் கழுத்தைக் காப்பாற்றியது என்பார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட ஆகவில்லை. இந்தியாவோடு சேர்கிறோம் என்று மகாராஜா தெரிவித்துவிட்டார். ஆகஸ்டில் சி.பி. பதவியை விட்டுப் போனார். சேலை வேட்டிக் கடை வைத்திருக்கும் நண்பர்கள் அங்கவஸ்திர விளம்பரத்துக்கு இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

பிறகு 1956 நவம்பர் 1. மொழிவாரி மாநிலப் பாகப்பிரிவினை. பத்மநாபபுரம் தமிழ்நாட்டுக்கு வந்தது. அங்கே இருக்கும் அரண்மனை மட்டும் கேரள அரசுக்கு. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கையில் வீடு உனக்கு, மாடியிலிருக்கும் பெட்டி எனக்கு என்பது போல. ராஜாவின் உடைவாள் அந்த அரண்மனையின் உப்பரிகையில். நவராத்திரிக்கோ அது திருவனந்தபுரம் போயாக வேண்டும். எனவே ஒவ்வொரு புரட்டாசியிலும் இந்தக் காட்சி: உப்பரிகை மாளிகையில் வாள் கைமாறும். கேரள அமைச்சர், தேவஸ்வம் அதிகாரிகள், தமிழ்நாட்டு அதிகாரிகள் எல்லோரும் இருப்பார்கள். முன்னால் வாள்; பின்னால் யானைமேல் தேவாரக்கெட்டு சரஸ்வதி; கம்பர் பூஜித்த விக்கிரகம் என்று நம்பிக்கை. பல்லக்குகளில் வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும். தமிழ்நாட்டுப் போலீஸ் மரியாதை செய்து அனுப்பும். களியக்காவிளையில் கேரளப் போலீஸ் மரியாதை செய்து வாங்கிக்கொள்ளும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீருக்குக் கோர்ட்டு வாசலில் நிற்கிற இரண்டு சர்க்கார், ஒரு பழைய வாளுக்கு மட்டும் ஒன்றாக நின்று சல்யூட் அடிக்கும். களியக்காவிளையில் கோழி வண்டியை நிறுத்திச் சோதிக்கிற செக்போஸ்ட்காரர்கள்கூட அன்று வாளை 'என்ன, ஏது' என்று கேட்டதில்லை. இடையில் ஒரு கேள்வி எழும்: சரஸ்வதிக்கு எதற்கு வாள்? வாத்தியார் கையில் பிரம்பு இல்லாமல் படித்தவன் யார் என்று என் பாட்டி கேட்டிருப்பாள்.

வாளைத் தூக்கியவர்கள் கதை இவ்வளவு. நிஜமாகவே வீசுகிறவர்களைப் பார்க்கத்தான் நான் பஸ் ஏறினேன். கிழக்கேகோட்டையில் சி.வி.என். களரி, அதே 1956-இல் சி.வி. கோவிந்தன்குட்டி நாயர் ஆரம்பித்தது. அவர் அப்பா சி.வி. நாராயணன் நாயர் தலசேரிக்காரர். வெள்ளைக்காரன் காலத்தில் மங்கிப்போன களரிப்பயிற்றை ஊர் ஊராகச் செய்துகாட்டித் தூக்கி நிறுத்தியவர்களில் ஒருவர். களரி என்றால் தரைக்குக் கீழே வெட்டிய குழி. 42 அடி நீளம், 21 அடி அகலம் என்பது கணக்கு. தென்மேற்கு மூலையில் சாமிக்கு ஏழு படிப் பூத்தறை. வலதுகாலை வைத்து இறங்கி, தரையைத் தொட்டு, சாமியைக் கும்பிட்டு, ஆசானைக் கும்பிட்டு, அப்புறம்தான் உதை.

விடிந்தும் விடியாத நேரத்தில் போய் உட்கார்ந்தேன். எண்ணெய் வாசம். ஆசான் உட்கார்ந்த இடத்திலிருந்தே வாய்த்தாரி என்ற வாய்க்கட்டளை சொல்கிறார். சொல் விழ விழ உடம்புகள் யானையாகின்றன, பன்றியாகின்றன, பாம்பாகின்றன. முதலில் உடம்பு மட்டும். அது பழகிய பிறகே கெட்டுகாரி என்ற நீளக்கம்பு, சின்னக்கம்பு, யானைத் தும்பிக்கை போல வளைந்த ஒற்றை. அதன் பிறகே இரும்பு. வாளைத் தொட வருஷக்கணக்காகும். வந்த அன்றே வாளைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள நினைத்திருந்த நான் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கடைசிப் பாடம் உருமி: இடுப்பில் பெல்ட் போலச் சுற்றிக்கொள்ளும் சுருள்வாள். வீசினால் எதிரிக்கும் வீசுகிறவனுக்கும் சமநீதி. பிலிப் சரில்லி என்ற அமெரிக்க நாடகக்காரர் 1976-இல் இந்தக் குழிக்குள் இறங்கியவர், பிற்பாடு வேல்ஸ் நாட்டில் தமக்கென்று ஒரு களரியே கட்டிக்கொண்டார். டி லனாய்க்கு மறுமொய்.

தலசேரிப் பக்கம் வாள் என்றால் வடக்கன் பாட்டு என்ற வீரகதைப் பாட்டு நினைவுக்கு வராமல் போகாது. அதில் வரும் ஆரோமல் சேகவர் அங்கம் என்ற ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்குப் போகையில், கூட வந்த சந்து கொல்லனுக்குப் பதினாறு பணம் கொடுத்து, சுரிகை என்ற வாளின் இரும்பு ஆணியை எடுத்துவிட்டு மூங்கில் ஆணி வைக்கச் சொன்னான் என்பது பழி. நடு ஆட்டத்தில் சுரிகை முறிந்தது. கேரளத்தின் முதல் மேட்ச் ஃபிக்ஸிங் புகார். 1989-இல் எம்.டி. வாசுதேவன் நாயர் ஒரு சினிமா எழுதி, மம்மூட்டியை விட்டுச் சந்துவுக்கு அப்பீல் வாங்கிக்கொடுத்தார்.

அதே தலசேரிக்குச் சென்னை வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு பெண் போனாள். பவானி தேவி. 2004-இல் பள்ளிக்கூடத்தில் ஃபென்சிங் சேர்ந்தபோது பயிற்சிக்கு அவள் கையில் கிடைத்தது மூங்கில் குச்சி. எலெக்ட்ரிக் வாள் விலை கூடியது; போட்டிக்கு மட்டும். தலசேரியில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் சாய் மையத்தில் சாகர் லாகு பயிற்சி கொடுத்தார். 2021-இல் டோக்கியோ, ஒலிம்பிக்ஸில் ஆடிய முதல் இந்திய வாள்வீச்சாளர். முதல் ஆட்டத்தில் துனிசியாவின் நாடியா பென் அசிசியை 15-3 என்று முடித்தார், அடுத்ததில் பிரான்ஸின் மனோன் புருனேவிடம் 7-15. 2023-இல் வூஷியில் உலக சாம்பியன் மிசாகி எமுராவை வீழ்த்தி ஆசிய சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். மூங்கில் ஆணியால் ஆரோமலின் சுரிகை முறிந்தது; மூங்கில் குச்சியால் இவர் ஜெயித்தார். கொல்லன் யாருக்கும் பணம் போகவில்லை.

ஆனால் இவருடைய முதல் சர்வதேசப் போட்டி எப்படிப் போனது தெரியுமா? 2007, துருக்கி. மேடைக்கு மூன்று நிமிஷம் தாமதமாக வந்தார். கறுப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள்.

திருவனந்தபுரத்தில் இந்த விதி செல்லாது. பத்மநாபசுவாமிக்கு வருஷத்தில் இரண்டு ஆறாட்டு. மலையாள மாதக் கணக்கில் மீனமும் துலாமும் என்றாலும் விழாவின் பெயர் பைங்குனி, அல்பசி. நம் பங்குனியும் ஐப்பசியும்தான். சாமி சங்குமுகம் கடலுக்குக் குளிக்கப் போகும் வழியின் குறுக்கே ஏர்போர்ட் வந்து உட்கார்ந்துவிட்டது. சாமி வழியை மாற்றவில்லை. மேற்கேகோட்டை தாண்டி, வள்ளக்கடவு தாண்டி, ரன்வேயின் மேலேயே ஊர்வலம் போகிறது. அரச குடும்பத்தின் மூத்தவர் வாளேந்தி நடக்கிறார். ஒரு வாள் கடந்து போவதற்காக விமானங்கள் சுமார் ஐந்து மணி நேரம் காத்திருக்கின்றன.

பங்குனியிலோ ஐப்பசியிலோ அந்தப் பக்கம் விமான டிக்கெட் எடுக்கிறவர்கள் ஆறாட்டு என்றைக்கு என்று பார்த்துவிட்டு எடுங்கள். வடசேரியிலிருந்து பஸ் எல்லா நாளும் உண்டு.