மடகாஸ்கர் அம்மோனைட்டின் அரியலூர் விலை: ஓர் ஆய்வு முன்னோட்டம்

வெளிநாட்டு இணையக் கடையில் ஒரு பொருளின் கீழே போட்டிருக்கும் எண்ணை விலை என்று உலகம் சொல்லிவருகிறது. அது விலை அன்று, விலையின் பாயிரம் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். இத்துறையில் முன்னோர் விட்டுச்சென்றது மிகக் குறைவு. கிடைப்பதும் "சிஸ்டத்துல அப்படித்தான் சார் காட்டுது" என்ற ஒற்றைச் சூத்திரத்தோடு முடிந்துவிடுகிறது (வங்கி கவுன்டர் வாய்மொழி மரபு, மூன்றாம் சன்னல்).

ஆய்வுக்களம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள். ஆய்வுப் பொருள், மடகாஸ்கரில் தோண்டி, நடுவே அறுத்து, மெருகேற்றி, அனுப்பும் கூலி உட்பட 40 டாலருக்கு விற்கப்படும் ஓர் அம்மோனைட். பார்வைக்கு நத்தை, உறவுமுறையில் கணவாய், இப்போது கல். இதே அம்மோனைட் பெரம்பலூர் மாவட்டத்துக் காரையின் ஓடைச்சரிவுகளில் கிடக்கிறதே, வாரணவாசியில் இதுபோன்ற புதைபடிவங்களுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறதே, எதற்கு மடகாஸ்கர் என்று கேட்பவர் ஆய்வுலகம் அறியாதவர். காலடியில் கிடப்பதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, அடிக்குறிப்பு போட்டு, உள்ளூர்க்காரனுக்கே விளக்குவது நம் கல்விப்புலத்தின் நெடுநாள் வழக்கம்.

முறையியலில் புதுமை இல்லை. நிலவியலாளர் பிளான்ஃபோர்டு 1860-களில் இவ்வட்டாரப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதியாக அடுக்கினார். பில்லையும் அடியிலிருந்து மேலாக அப்படியே பார்த்துக்கொண்டு போகிறோம்.

அடியில் கிடப்பது டாலர். டாலர் ஒன்றே என்பது பாமரர் நம்பிக்கை. கூகுளில் தெரியும் டாலர் ஒன்று. அந்த விலைக்கு அதை எவரும் நமக்குக் கொடுத்ததில்லை. கார்டு நிறுவனத்தின் டாலர் இன்னொன்று. அதுவும் வாங்கிய நாளுடையதாக இருக்க வேண்டியதில்லை, கணக்குத் தீர்க்கும் நாளுடையதாகவும் இருக்கலாம். சுங்கத்துறையின் டாலர் மூன்றாவது. அது தன் மதிப்பைத் தானே அறிவித்துக்கொள்கிறது, அதிலும் இறக்குமதிக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று. இரண்டில் எது கூடுதல் என்று கேட்டு வாசகரை அவமதிக்க விரும்பவில்லை. அத்வைதிகளுக்கு இது பெரிய சிக்கல். நமக்கு வேண்டியது கணக்கு என்பதால் டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டு 3,400-இல் தொடங்குவோம்.

அதன்மேல் கார்டு அடுக்கு. பல கிரெடிட் கார்டுகளில் அந்நியச் செலாவணி மார்க்-அப் 3.5 சதவீதம், அதாவது 119 ரூபாய். இது ஒரு சேவைக் கட்டணம். சேவை என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி., அது 21 ரூபாய் 42 காசு. ஆக 4.13 சதவீதம். என்ன சேவை என்பதற்குத் துறைமங்கலம் செல்போன் கடைக் கல்வெட்டிலும் விடை இல்லை (கண்ணாடிக் கதவு, "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" எனத் தொடங்கும் சாசனம், மூன்றாம் வரி கைபட்டுத் தேய்ந்துள்ளது). கட்டுரையை அச்சிட டாலரில் காசு வாங்கும் இதழ்களுக்குப் பேராசிரியர்கள் கட்டும் தொகையிலும் இதே 4.13 ஏறக்கூடும். பதவி உயர்வுப் படிவத்தில் அதற்கு மதிப்பெண் கொடுக்காதது ஒரு குறைதான்.

சில கடைகள் இரக்கப்பட்டு, "ரூபாயிலேயே கட்டலாமே" என்று ஒரு பொத்தானைக் காட்டும். அமுக்கினால் கடை வைத்ததே ரேட். வெளிநாட்டுக் கடைக்கு ரூபாயில் கட்டியதற்கென்று தனிக் கட்டணம் வைத்திருக்கும் வங்கிகளும் உண்டு. அமுக்கற்க.

இனி சுங்கம். சுங்க மதிப்பு என்பது பொருளின் விலையோடு அனுப்பும் கூலியும் காப்பீடும் சேர்ந்தது. காப்பீட்டுச் செலவு எவ்வளவென்றே தெரியாவிட்டால்? 2007-ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளில் அதற்கும் வழி உண்டு: பொருள் விலையில் 1.125 சதவீதம் என்று கொள்ள வேண்டும். தெரியாத ஒன்றுக்கு மூன்று தசம இடம் வரை துல்லியம். முந்திரி, கீழ்முந்திரி என்று 320-இல் ஒரு பங்குக்கும் கீழே இறங்கி நிலம் அளந்த சோழர் கணக்கர்கள் இதைக் கேட்டால் எழுந்து நின்றிருப்பார்கள்.

கணக்கு எளிதாக, 3,400-ஐ விட்டு மதிப்பு 3,000 என்க. விகிதங்கள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுபவை. கணக்குக்காக அடிப்படைச் சுங்கம் 10 சதவீதம், அந்தச் சுங்கத்தின்மேல் சமூக நலக் கூடுதல் வரி 10, எல்லாவற்றின்மேலும் ஐ.ஜி.எஸ்.டி. 18 என்று கொள்வோம். சுங்கம் 300. கூடுதல் வரி 30. இவற்றையும் சேர்த்த 3,330-க்கு ஐ.ஜி.எஸ்.டி. 599 ரூபாய் 40 காசு. மொத்தம் 929 ரூபாய் 40 காசு. அந்த 599.40-ஐப் பிளந்து பார்த்தால் பொருளுக்காக 540, சுங்கத்துக்காக 54, கூடுதல் வரிக்காக 5 ரூபாய் 40 காசு.

இந்த 5 ரூபாய் 40 காசு தனி நூலுக்குரியது. பொருளுக்குப் பிறந்தது சுங்கம், சுங்கத்துக்குப் பிறந்தது கூடுதல் வரி, கூடுதல் வரிக்குப் பிறந்தது இது. அம்மோனைட்டுக்குக் கொள்ளுப்பேரன் முறை. முகஜாடை சற்றும் இல்லை. இதனை வெறுமனே வரி என்று சொல்லிவிடலாம் என்பது பெயர் தெரியாத உரையாசிரியர் ஒருவர் கருத்து. அவ்வுரை தொலைந்துவிட்டது. அதற்கு எழுந்த மறுப்புரையின் ஒரு தாள் மட்டும் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் வாழைக்காய் பஜ்ஜியோடு கண்டெடுக்கப்பட்டது (எண்ணெய்ப் பாடம், முடிவைச் சொல்லும் சொல் இருந்த இடத்தில் மிளகாய் விதை).

இத்தனையும் நடக்கும் மண் எது என்பதை வரலாற்று மாணவர் நினைவில் கொள்ள வேண்டும். 1070 முதல் 1122 வரை ஆண்ட முதற் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர். அவன் தலைநகர் கங்கைகொண்ட சோழபுரம், இன்றைய அரியலூர் மாவட்டம். அந்தத் தலைநகருக்குள் கொரியர்காரத் தம்பி பைக்கை நிறுத்தி, "சார், கஸ்டம்ஸ் டூட்டி இருக்கு, ஜிபே பண்றீங்களா?" என்கிறார். தவிர்த்தது எந்தச் சுங்கம், உள்நாட்டுச் சுங்கமா, கடல்வழிச் சுங்கமா, எத்தனை நாளைக்கு என்பதில் ஒரு சாரார் ஒன்று சொல்வர், மறுசாரார் மற்றொன்று சொல்வர். மூன்றாம் சாரார் இருவரையும் கடுமையாக மறுத்துவிட்டு அவர்கள் சொன்னதையே சொல்வர். ஐ.ஜி.எஸ்.டி.யைத் தவிர்த்ததாக எவரும் சொல்லவில்லை.

எல்லாவற்றினும் பெரிய கேள்வி, மடகாஸ்கர் அம்மோனைட் வெளிநாட்டுப் பொருள்தானா என்பது. இங்கே நிதானமாகப் போவோம். கடைகளில் மிகுதியாக விற்கும் மடகாஸ்கர் அம்மோனைட் சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மாண்டது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்ததோ சுமார் 8 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன். பொருள் உருவான நாளில் இரண்டும் ஒரே நிலம். எனவே இதை இறக்குமதி என்பது பிழை. மிகவும் தாமதமான உள்ளூர் டெலிவரி என்பதே பொருந்தும்.

தடை: அது வாழ்ந்தது கடலில், நிலத்தில் அன்று. விடை: அக்காலத்தில் காரைப் பக்கமும் கடல்தான், எனவே அக்கம்பக்கம். தடை: பிரிந்துபோனபின் உறவு ஏது? விடை: பிரிந்தால் உறவு அறும் எனில் அரியலூரின் கதி என்ன? பெரம்பலூர் 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001-இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, 2002-இல் திரும்பச் சேர்ந்து, 2007-இல் மறுபடியும் பிரிந்தது. இந்தியாவிடமிருந்து மடகாஸ்கர் ஒரே தடவைதான் பிரிந்தது, அதுவும் அரசாணை இல்லாமல். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பார்சல் போனால் யாரும் சுங்கம் கேட்பதில்லை.

முன்னுதாரணமும் உண்டு. தென்னாட்டுப் புதைபடிவங்களை கேயும் கன்லிஃபும் திரட்டி இங்கிலாந்துக்குக் கொண்டுபோக, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை 1846-இல் விவரித்து அச்சிட்டார். அப்போது போனதற்கு இப்போது வருவதைக் கழித்துக்கொள்ளலாம் என்பதற்குச் சான்று காண்க (அரியலூர்–ஜெயங்கொண்டம் சாலை, சிமெண்ட் லாரிப் பின்பலகைச் சாசனம், இரண்டாம் படி, மூலப்படியைப் படியெடுக்குமுன் அது எங்களை முந்திவிட்டது. இரண்டாம் படியில் "ஹாரன் அடி" என்பது மட்டும் தெளிவு, எஞ்சியவை ஊகம். ஊகித்தவரை மேற்கோள் காட்டியவர்கள் அதை உறுதி செய்துவிட்டார்கள், அவர்களை மேற்கோள் காட்டியவர்கள் முனைவர் பட்டம் பெற்றுவிட்டார்கள்). ஆகவே படிவத்தில் "பொருள் உருவான நாடு" என்னுமிடத்தில் அந்த ஒரே பழநிலத்தின் பெயரான கோண்டுவானா என்று குறிப்பதே முறை. பட்டியலில் கோண்டுவானா இல்லை. அதை நம் கொள்கைக்கு எதிரான சான்றாகக் கொள்ளலாகாது, பட்டியல் பிற்காலத்தது.

கொரியர் அடுக்கு: நமக்காக வரியை முன்கூட்டிக் கட்டியதற்கு ஒரு கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வம்சம் தழைக்கிறது. ஆதார் நகலும் கேட்பார்கள், நம்முடையதை.

திருப்பி அனுப்புதல்: அனுப்பற்க.

தப்பும் வழிகள் இரண்டு ஆராயப்பட்டன. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் 25-ஆம் பிரிவின் 6-ஆம் உட்பிரிவுப்படி, வரி 100 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் வசூலிப்பதில்லை. 929.40-ஐப் பத்தால் வகுத்தால் 92.94. அம்மோனைட்டைப் பத்துத் துண்டாக உடைத்துப் பத்துப் பொட்டலமாக வரவழைத்தால் சட்டம் நம் பக்கம் என்று வாதிடலாம். அனுப்பும் கூலி பத்து.

இரண்டாவது, சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகளை விட்டு அன்பளிப்பாக அனுப்பச் சொல்வது. இதற்கு 2019 டிசம்பரிலேயே கதவடைத்துவிட்டார்கள். தபாலிலோ கொரியரிலோ அன்பளிப்பு என்று சொல்லி வரியில்லாமல் இறக்குவதற்குத் தடை. விலக்கு உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும். ராக்கியோடு சேர்ந்து வரும் பரிசு இதில் அடங்காது என்றும் அங்கேயே தெளிவாக்கியிருக்கிறார்கள். ஆகவே அம்மோனைட்டில் துளையிட்டு நூல் கோத்து, அதையே ராக்கியாக்கி அனுப்பச் சொல்வதுதான் மிச்சம். துளை போட அத்தை மகள் சம்மதித்துவிட்டாள். ஆனால் ராக்கி அனுப்பினால் அவள் தங்கை முறையாகிவிடுவாள் என்று அத்தை எழுப்பிய தடைக்கு இதுவரை விடை இல்லை. 929 ரூபாய் 40 காசுக்கு முறைப்பெண்ணை விட்டுக்கொடுக்கலாமா என்பதை வரும் ஆவணியில் இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறது. ஆய்வு அதுவரை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.