இருபத்தாறாம் பக்கம் வரை

2014இல் பொருளாதார அறிஞர் தாமஸ் பிக்கெட்டியின் மூலதனம் பற்றிய புத்தகம் ஆங்கிலத்தில் வந்தபோது, செல்வ ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. சுமார் 700 பக்கம். ஆனாலும் விற்பனைப் பட்டியலில் முதலிடம். அந்த ஆண்டே ஜோர்டான் எல்லென்பெர்க் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஒரு குறும்பு செய்தார். கிண்டிலில் வாசகர்கள் அதிகம் அடிக்கோடிட்ட ஐந்து இடங்கள் எந்தெந்தப் பக்கத்தில் வருகின்றன என்று பார்த்தார். ஐந்தும் 26ஆம் பக்கத்துக்குள் முடிந்துபோயின. வாங்குவார்கள், படிக்கமாட்டார்கள் என்று பேரெடுத்த ஸ்டீபன் ஹாக்கிங் புத்தகமே தேவலை என்றாகிவிட்டது. (இது வேடிக்கைக் கணக்குதான் என்று அவரே சொன்னார். அந்த வரியை எத்தனை பேர் எட்டினார்களோ!)

எனக்கு 26 பக்கம் இளக்காரமில்லை. தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவருக்குக் கிடைப்பது அரை நிமிஷம். அதற்கு முன்னுரையே உபரி. பாவம், முழுசாகப் படித்துத் தொலைத்தவர்தான். “அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாதுங்க, நாட்டுக்கு நாடு வரிக் கணக்கு மாறும்” என்று தொடங்குவார். நெறியாளர் இடைவேளை விட்டுவிடுவார். மறுவாரம் அந்த நாற்காலியில் அட்டையை மட்டும் பார்த்தவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் தயக்கமே இருக்காது.