போட் அண்ணை

வீட்டுக் கடன் பாதி இறங்கி, மூத்த பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போனதும் ரொறன்ரோத் தமிழ் ஆண்களைப் பிடிக்கிற கோளாறுகள் சில உண்டு. சிலர் ஊர்ச் சங்கத் தலைவர் பதவிக்கு நிற்பார்கள். சிலர் கவிதைத் தொகுப்பு வெளியிடுவார்கள். இவை அயலாருக்குத்தான் தொந்தரவு; வீட்டாருக்குப் பெரிய செலவில்லை. மூன்றாவது வகையினர் மோட்டார் போட் வாங்குகிறார்கள்.

ஜனவரியில் எக்ஸிபிஷன் பிளேஸில் நடக்கிற போட் கண்காட்சியில் இது தொற்றும். வெளியே மூக்கு நுனி உணர்விழக்கும் குளிர். உள்ளே கம்பளத்தின் மேல், விளக்கு வெளிச்சத்தில், போட்டுகள் வரிசையாக நிற்கும். சும்மா பார்க்கப் போனவர் ஒன்றில் ஏறி, சுக்கானைப் பிடித்துக்கொண்டு, மகளைப் படமெடுக்கச் சொல்வார். ஏரி கல்லாய் உறைந்து கிடக்கும் மாதத்தில் போட் விற்கிறவனைப் போன்ற கெட்டிக்காரன் உலகத்தில் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் நம் அண்ணையும் லேசுப்பட்டவரல்லர். விலையைக் கேட்டதும் இறங்கிவிடுவார். "புதுசு விசரனுக்கு. ஒக்டோபரிலை பழசு மலிவாய் வரும், பாருங்கோ."

வரும்தான். ஏன் வருகிறது என்றுதான் அவர் யோசிப்பதில்லை. ஒன்ராறியோவில் போட்காரரின் ஆண்டு மே மாத விக்டோரியா தின விடுமுறையோடு தொடங்கி, ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றி நவிலல் நாளோடு முடிந்துவிடும். மிச்ச ஏழு மாதமும் அதை எங்கே வைப்பது என்பதே கேள்வி. ஒக்டோபரில் விற்கிறவர் அந்தக் கேள்வியைத்தான் விற்கிறார். போட்டைச் சும்மா சேர்த்துக் கொடுக்கிறார்.

அண்ணை வாங்கியது 18 அடி. முன்பக்கம் திறந்து, ஆட்கள் இருக்க மெத்தை போட்டது. எஞ்சின் உள்ளே, விசிறி வெளியே. அவருடைய வான் 3,500 இறாத்தல் வரை இழுக்கும். போட்டும் ட்ரெய்லரும் அதற்குச் சற்றுக் கீழேதான். பெற்றோல், நங்கூரம், கொத்துரொட்டிப் பெட்டி எல்லாம் ஏறினால் மேலே. ஆகவே போட் வாங்கிய ஆறாம் கிழமை ஒரு பிக்கப் ட்ரக்கும் வாசலில் நிற்கும். "அது வேலைக்கு வாங்கினது" என்பார். அண்ணை கணக்காளர்.

முதல் குளிர்காலம் போட் டிரைவ்வேயில் நிற்கும். வீட்டு முன்வளவில் போட்டை நாட்கணக்கில் நிறுத்தக் கூடாதென்று இங்கே பல நகரங்களில் துணைவிதி இருக்கிறது. அது இருப்பது எதிர்வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். கடிதம் வந்ததும் போட் மச்சானின் பின்வளவுக்குப் போகும். மச்சானின் மனைவிக்கு அங்கே கத்தரியும் கறிமிளகாயும் நட வேண்டியிருக்கும். கடைசியில், நகருக்கு வடக்கே ஒரு விவசாயியின் பழைய வைக்கோல் கொட்டில் அகப்படும். அங்கே கூலி அடிக்கணக்கு. விவசாயி அளவுநாடாவை ட்ரெய்லரின் மூக்கில் வைத்து விசிறியின் வால்வரை இழுப்பார். தண்ணீரில் 18 அடியாக இருந்தது தரையில் 22 அடியாகிவிடும்.

இந்தக் கொட்டில் நாட்களில்தான் அண்ணை ஆளே மாறிப்போகிறார். பிறந்தநாள் விழாவில் வடையை எடுத்தபடி, "குளிருக்குப் போட்டை எப்பிடி வைக்கிறியள்?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிடாதீர்கள். தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். எஞ்சினுக்குள் ஒரு கோப்பை தண்ணீர் தங்கினாலும் இரும்பு வெடித்துவிடும் என்பதில் தொடங்குவார். எல்லா அடைப்பையும் திறந்து வடிய விட வேண்டும். பிறகு இளஞ்சிவப்பு உறைதடுப்பு நீரை ஓட விட வேண்டும். பெற்றோல் பழுதாகாமல் மருந்து ஊற்ற வேண்டும். கீழே கியர் எண்ணெயை இறக்கிப் பார்க்க வேண்டும். பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டதென்று அர்த்தம். இதைச் சொல்கையில் குரல் தாழும். இருதய வைத்தியரே அந்த மேசையில் இருந்தாலும் அன்று அவருக்குப் பேச இடமில்லை.

பற்றரி, மெத்தைகள், உயிர்காப்புச் சட்டைகள் எல்லாம் வீட்டு பேஸ்மென்டுக்கு வரும். ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் ஒரு தட்டு கீழே இறங்கும். எலி மெத்தையையும் வயரையும் அரிக்கும் என்று யாரோ சொன்னதால், வெள்ளைப் பிளாஸ்டிக் போர்த்துவதற்கு முன் போட் முழுவதும் பூச்சி உருண்டை தூவப்படும். அண்ணையின் மனைவி, அதாவது அக்காவின் கூறைச் சேலைக்கு வைத்திருந்ததும் அதில் சேர்த்தி. மே மாதத்தில் போட்டும் சேலையும் ஒரே வாசம் அடிக்கும் என்று அண்ணை எதிர்பார்த்தது நடக்கவில்லை. போட்டுக்கு மட்டும்தான் அடித்தது.

சட்டத்தில் அண்ணை கறார். மோட்டார் போட் ஓட்டுகிற எவருக்கும் 2009 முதல் கனடாவில் தகுதி அட்டை கட்டாயம். 50 கேள்வி, 75 சதவீதம் எடுக்க வேண்டும். மகளும் அவரும் சேர்ந்து எழுதினார்கள். மகளின் புள்ளி ஊருக்கே தெரியும். தன்னுடையதைப் பற்றி, "பாஸ்" என்கிறார். உரிம இலக்கம் முன்பக்கம் இருபுறமும் 7.5 சென்ரிமீற்றர் உயர எழுத்தில் இருக்க வேண்டுமென்பதால், பிள்ளையின் அடிமட்டத்தோடு பனியில் மண்டியிட்டு ஒட்டினார். விசில், தண்ணீர் புகாத டோர்ச், 15 மீற்றர் மிதக்கும் கயிறு, எல்லாம் வாங்கியாயிற்று. மே மாதம் கோயில் வளவில் வாகனப் பூசை. எலுமிச்சம்பழம் ட்ரெய்லர் சில்லுக்கா, விசிறிக்கா என்று ஐயர் கேட்டார். இரண்டுக்கும் வைக்கச் சொன்னார் அண்ணை.

"எங்கடை ஆக்கள் கடலோடின ஆக்கள்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போனதை ஆதாரம் காட்டுவார். உண்மைதான், போனது. ஆனால் வல்வெட்டித்துறை அவருடைய மாமனாரின் ஊர். அண்ணை உரும்பிராய், அங்கே அவர் கண்ட பெருந்தண்ணீர் தோட்டக் கிணறு.

மாமனாரையும் ஏற்றிக்கொண்டுதான் சிம்கோ ஏரிக்குப் போனார்கள். 722 சதுர கிலோமீற்றர் ஏரி. இறக்குதுறையில் ட்ரெய்லரைப் பின்னால் எடுக்க வேண்டும்; சுக்கானை இடப்பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் வலப்பக்கம் போகும். முன்பே வெறும் பிளாசாத் தரிப்பிடத்தில் பழகியிருந்தார். ஆனால் அங்கே பின்னால் ஒன்பது ட்ரக்குகள் காத்திருக்கவில்லை.

போட் தண்ணீரைத் தொடுகிற நேரம் அக்கா குரல் கொடுத்தார். "இஞ்சேருங்கோ, அந்தப் பிளக்கைப் போட்டனீங்களோ?" போட்டின் அடியில் தண்ணீர் வடிகிற துளைக்கான அடைப்பு அது. சீப்ரா சிப்பி போன்றவை ஏரிக்கு ஏரி பரவாமலிருக்க, 2022 முதல் ஒன்ராறியோவில் தெருவில் இழுத்துப் போகுமுன் அதைக் கழற்றியாக வேண்டும். கழற்றச் சொல்லச் சட்டம் இருக்கிறது. திருப்பிப் போடச் சொல்ல மனைவிதான் இருக்கிறார். அன்று பிளக் பேஸ்மென்டில், மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் இருந்தது. கெஸ்விக்கில் ஒரு கடையில் வேறொன்று வாங்கி வந்தார்கள்.

பிறகு எஞ்சின் கிளம்ப மறுத்தது. அண்ணை பற்றரியைப் பார்த்தார், பெற்றோலைப் பார்த்தார், கைபேசியில் காணொளி பார்த்தார். மாமனார் கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டு, "தம்பி, இந்தச் சிவப்புக் கயித்தைக் கொழுவேல்லையோ?" என்று கேட்டார். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சினை நிறுத்துகிற கயிறு; கொழுவாவிட்டால் அது கிளம்பாது. கூட்டாளிகள் கொண்டுவந்த கூலர் கரையிலேயே நின்றது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை மூன்றும் நிலையாகப் பொருத்திய போட் நங்கூரமிட்டோ கட்டியோ நிற்கும்போதுதான் அதில் மது குடிக்கலாம் என்பது இங்குள்ள சட்டம். கூலரோடு கூட்டாளிகளும் கரையிலேயே நின்றார்கள்.

ஓடினார்கள். காற்று எழும்பும்வரை நன்றாகவே ஓடினார்கள். மாமனார் கையை விட்டு ஒரு சொட்டு நாக்கில் வைத்து, "உப்பில்லை" என்று மட்டும் சொன்னார்.

என் தீர்ப்பு இதுதான்: போட் அண்ணைக்கு ஏரி இரண்டாம் பட்சம். நாள் முழுக்க வேறு ஆட்களின் கணக்கைப் பார்க்கிற மனிதனுக்கு, ஒருவரும் சொல்லாமல் தானே போய்த் துடைத்து, எண்ணெயிட்டு, மூடி வைக்க ஒரு பொருள் வேண்டியிருக்கிறது. பெப்ரவரி ஞாயிறுகளில் கொட்டிலுக்குப் போய், பிளாஸ்டிக்கைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டு வருவார். அக்கா தடுப்பதில்லை. தலைவர் தேர்தலில் நிற்பதைவிட இது பரவாயில்லை என்கிறார்.

இந்த ஆண்டு விவசாயி அடிக்கூலியைக் கூட்டிவிட்டார். ஆகவே பின்வளவில் 22 அடி வெறும் நிலம் வைத்திருக்கும் வாசகர்கள், வரும் ஒக்டோபர் வரை கலியாண வீடுகளில் அதைப் பற்றி வாய் திறவாதிருக்க வேண்டுகிறேன்.